எங்கள் வாக்கு சலீம் மிர்ஸாவுக்கு

நீண்ட பதிவு. ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து வாசிக்க நேரம் உள்ளவர்கள் மட்டும் வாருங்கள்.

போன வாரம் கல்வியியற் கல்லூரியில் எங்களோடு படித்தவர்களின் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஹிந்திப் படங்களில் வந்த முஸ்லிம் பாத்திரங்களில் மிகச் சிறந்தது எது? பதினொரு பேர் 'சக் தே இந்தியா'வின் கபீர் கானுக்குப் போட்டார்கள். மூன்று பேர் 'மை நேம் இஸ் கான்' ரிஸ்வானுக்கு. எந்தக் கேள்வி கேட்டாலும் சல்மான் கான் என்றே பதில் சொல்லும் நண்பர் ஒருவர் 'சுல்தான்' என்றார். நாங்கள் 'கரம் ஹவா' படத்தின் சலீம் மிர்ஸாவுக்குப் போட்டோம். அவருக்குக் கிடைத்தது அந்த ஒரே வாக்குத்தான். "அது யாரு மச்சான், எந்த ஊர் ஹாஜியார்?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்துத் தள்ளிவிட்டார்கள். அங்கே விளக்கப் போனால் இடையில் யாராவது இடமாற்றச் சுற்றறிக்கையைப் போட்டுக் கதையைத் திருப்பிவிடுவார்கள். ஆகவே இங்கே எழுதுகிறோம். உதைபந்தாட்டமும் உள்ளே வரும். அது இல்லாமல் எதையும் விளக்க எங்களுக்கு வராது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

படம் பார்ப்பது கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இன்றைக்கு விட்டுவிடுவோம். அதைப் பேச நம் ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு 'ஷோலே' வசனங்கள் மனப்பாடம் என்பது வேறு கதை.

நம்மில் பல வீடுகளுக்குள் ஹிந்தி முதலில் வந்தது வானொலி வழியாக. இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக பி.வி. கேஸ்கர் இருந்தபோது அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளுக்கு இடமில்லாமல் போனது. அந்தக் காலத்தில் இந்தியா முழுக்கப் பாட்டுக் கேட்டது கொழும்பிலிருந்துதான். 1952 இல் தொடங்கிய பினாகா கீத்மாலாவை அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்து இங்கே அனுப்புவார். இலங்கை வானொலியின் ஹிந்திச் சேவை அதை அங்கே திருப்பி ஒலிபரப்பும். எங்கள் உம்மம்மாவுக்கு ஹிந்தியில் ஒரு வசனம் விளங்காது. ஆனால் துஆ, தக்தீர், இன்திஸார், தவ்பா என்று ஒரு சொல் பாட்டில் விழுந்துவிட்டால் போதும், "இது நம்மட ஆள் எழுதின பாட்டு" என்பார். அநேகமாக அது சரியாகவும் இருக்கும். மஜ்ரூஹ் சுல்தான்புரி, சாஹிர் லுதியான்வி, கைஃபி ஆஸ்மி, ஷகீல் பதாயுனி என்று அந்தக் காலத்தில் எழுதியவர்களின் பட்டியல் நீளமானது. 'பைஜு பாவ்ரா'வில் வரும் அந்தப் பெயர்பெற்ற பஜனையை எழுதியவர் ஷகீல், இசையமைத்தவர் நௌஷாத், பாடியவர் ரஃபி. இதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

பாட்டெழுதியவர்கள் சொந்தப் பெயரில் எழுதினார்கள். முகம் காட்டியவர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். பெஷாவரில் பிறந்த யூசுப் கான், 1944 இல் 'ஜ்வார் பாட்டா'வில் திலீப் குமார் ஆனார். மும்தாஜ் ஜஹான் மதுபாலா ஆனார், மஹ்ஜபீன் பானு மீனா குமாரி ஆனார். பிறகு 1965 ஆம் ஆண்டில் பிறந்த மூன்று கான்கள் வந்தார்கள். அமீர், ஷாருக், சல்மான் மூவரும் பெயரை மாற்றவில்லை. சுவரொட்டியில் கான் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஆனால் படத்துக்குள்ளே போனால் அவர்கள் ராஜ், ராகுல், பிரேம். தொண்ணூறுகளில் டெக்கிலும் பிறகு சீடியிலும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது ஒரு குறையாகவே தெரியவில்லை. 'தீவார்' படத்தில் துறைமுகக் கூலி விஜய்யின் சட்டையில் குத்தியிருக்கும் 786 என்ற பில்லையே எங்களுக்குப் போதுமாக இருந்தது. அந்த இலக்கம் என்ன என்று ரஹீம் சாச்சா சொல்லும் காட்சியில் வாப்பா ஒரு தரம் இருமி நிமிர்ந்து உட்காருவார். 'வீர்-ஸாரா'விலும் பாகிஸ்தான் சிறையில் ஷாருக்கின் கைதி இலக்கம் 786தான். வில்லனின் குண்டு பில்லையில் பட்டுத் தெறிக்கும். அதைவிட வேறு என்ன வேண்டும் என்று இருந்தோம்.

2007 ஆகஸ்ட்டில் கபீர் கான் வந்தார்.

இளையவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறோம். இந்திய ஹொக்கி அணியின் தலைவர் கபீர் கான். உலகக் கிண்ண இறுதிப் போட்டி, எதிரணி பாகிஸ்தான். கடைசியில் கிடைத்த பெனால்டியை அவர் வெளியே அடித்துவிடுகிறார். போட்டி முடிந்து பாகிஸ்தான் வீரருக்குக் கைகொடுக்கும் படம் பத்திரிகையில் வருகிறது. அத்தோடு அவர் துரோகி. உம்மாவையும் கூட்டிக்கொண்டு பரம்பரை வீட்டை விட்டு வெளியேறுகிறார். ஏழு வருடங்களுக்குப் பிறகு யாரும் மதிக்காத பெண்கள் அணிக்குப் பயிற்றுநராக வந்து, மெல்பர்னில் அவுஸ்திரேலியாவைத் தோற்கடித்து உலகக் கிண்ணத்தை எடுக்கிறார். அதன் பிறகுதான் தாயும் மகனும் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள்.

நல்ல படம். அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஷாருக் கான் கையை விரிக்காமல், தலையைச் சாய்க்காமல், தாடியும் சுருங்கிய நெற்றியுமாக நடித்த அபூர்வமான படம். கல்லூரி விடுதியில் ஒரு மடிக்கணினியைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்து பார்த்தோம். கடைசியில் ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லோர் கண்ணும் ஈரம்.

ஆனால் இத்தனை வருடம் கழித்து ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது. மெல்பர்னில் கடைசிப் பந்தை கோல் காவலர் வித்யா ஷர்மா தடுத்தார். அவர் தடுக்காமல் விட்டிருந்தால்? இந்திய அணி இரண்டாம் இடம் வந்திருந்தால் கபீர் கான் எந்த வீட்டுக்குத் திரும்புவார்? படத்தில் அதற்கு விடை இல்லை. அவர் துரோகி இல்லை என்பதற்கு அந்தத் தெருவுக்குக் கிடைத்த ஒரே சாட்சி ஒரு கிண்ணம்.

இதிலே இன்னொரு விசயம் இருக்கிறது. அந்த நடிகைகளுக்கு ஹொக்கி பழக்கியவர் மீர் ரஞ்சன் நேகி. 1982 டில்லி ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில் இந்தியா பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றபோது கோல் காவலராக நின்றவர். காசு வாங்கிவிட்டார் என்று அவரையும் துரோகி என்றார்கள். அவர் முஸ்லிம் அல்ல. ஏழு கோல் வாங்கினால் யாருக்கும் அந்தப் பட்டம் கிடைக்கும் என்பது நேகியின் கதை. கபீர் கானுக்கு அது ஒரே ஒரு தவறிய பெனால்டியில் கிடைத்தது. திரைக்கதை எழுதிய ஜெய்தீப் சாஹ்னி நேகியை வைத்து எழுதவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். அதை நாங்கள் நம்புகிறோம். அப்படியிருந்தும் பார்ப்பவர்களின் மனம் இரண்டு கதைகளையும் தானாகவே முடிச்சுப் போட்டுக்கொள்கிறது.

'சக் தே'க்கு இரண்டு வருடம் முந்தி, 2005 இல், நாகேஷ் குக்குனூர் 'இக்பால்' எடுத்தார். நம் ஊரில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. பாட்டு ஹிட் ஆகவில்லை, கதாநாயகன் வாய் பேசமாட்டான், வேறென்ன. காது கேளாத, வாய் பேசாத விவசாயி மகன் ஒருவன் வேகப்பந்து வீச்சாளனாக ஆசைப்படுகிறான். அவன் சைகையை மொழிபெயர்ப்பவள் தங்கை கதீஜா. குடிகாரப் பயிற்றுநராக நஸீருத்தீன் ஷா. மாடுகளுக்குக் கிரிக்கெட் வீரர்களின் பெயர் வைத்து, அவற்றை நிறுத்தித்தான் களத்தடுப்பு படிக்கிறான். அந்தக் காட்சிக்காகவே பார்க்கலாம். இக்பாலுக்கு எத்தனையோ தடைகள் வருகின்றன. வாப்பா மறுக்கிறார், பணக்காரப் பையன் ஒருவன் குறுக்கே நிற்கிறான், காசு இல்லை. ஆனால் படம் முழுக்க ஒருவர்கூட அவனிடம் "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்பதில்லை. அவன் தொழுகிற வீட்டுப் பிள்ளை, பந்து வீசுகிறான், அவ்வளவுதான். 2019 இல் வந்த 'கல்லி போய்'யின் முராதும் அப்படித்தான். தாராவியில் ஒரு முஸ்லிம் வீடு, அவனுக்கு ராப் பாட ஆசை, வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அவனுடைய பெயரைத் தாண்டி ஒரு விசாரணையும் கிடையாது.

இந்த இரண்டு வகைப் படங்களுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் எங்களுக்கு முதலில் பிடிபட்டது சினிமாவில் அல்ல, லிவர்பூலில். நாங்கள் லிவர்பூல் ரசிகர்கள் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறோம், பின்னூட்டத்தில் வந்து கண்டுபிடித்ததுபோல எழுத வேண்டாம். நண்பர்களில் பாதி மன்செஸ்டர் யுனைட்டட். மீதியில் ஒரு கோஷ்டி கழகத்தையே பின்பற்றாமல் ரொனால்டோவைப் பின்பற்றி மன்செஸ்டர், மட்ரிட், டுரின், திரும்ப மன்செஸ்டர், ரியாத் என்று வாடகை வீடு மாறுவதுபோல மாறிக்கொண்டிருக்கிறது. அவர்களோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை.

முஹம்மத் ஸலாஹ் 2017 இல் ரோமாவிலிருந்து வந்தார். முதல் பருவத்திலேயே பிரிமியர் லீக்கில் 32 கோல், எல்லாமாக 44. கோல் போட்டால் ஸுஜூத் செய்வார். மைதானத்தில் ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரர்கள் அவரைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டிப் பாடினார்கள். அவர் இன்னும் கொஞ்சம் கோல் போட்டால் நாங்களும் முஸ்லிமாகிவிடுவோம், பள்ளிவாசலில் போய் உட்காருவோம் என்பது அதன் பொருள். அந்தக் காணொளியை நாமெல்லோரும் எத்தனை தரம் பகிர்ந்தோம்! நம் ஊரில் அதைப் பார்த்துக் கண் கலங்கிய முதியவர்களை எங்களுக்குத் தெரியும். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்தும் பார்த்தார்கள். ஸலாஹ் வந்த பிறகு மேர்சிசைட் பிரதேசத்தில் வெறுப்புக் குற்றங்கள் 16 வீதம் குறைந்திருந்தன. லிவர்பூல் ரசிகர்களின் முஸ்லிம் விரோத ட்வீட்டுகள் ஏறத்தாழப் பாதியாகியிருந்தன.

நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பாட்டில் "போட்டால்" என்று ஒரு சொல் இருக்கிறது. தமிழ் படிப்பிப்பவர்களுக்குக் கண் முதலில் அங்கேதான் போகும். நிபந்தனை எச்சம். கோல் போட்டால். போடாவிட்டால் என்ன என்று பாட்டில் இல்லை. 16 வீதம் குறைய ஒரு மனிதன் 44 கோல் போட வேண்டியிருக்கிறது என்றால், கோல் போடத் தெரியாத, லிவர்பூலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஹம்மத் என்ன செய்வார்?

2018 மே 26, கீவ் நகரில் சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. நமக்கு இரவு பன்னிரண்டேகால், நோன்பு காலம். தராவீஹ் முடிந்து நேரே டீவிக்கு முன்னால் வந்து இருந்தோம். அரை மணித்தியாலத்தில் ரமோஸோடு விழுந்து தோள்மூட்டைப் பிடித்துக்கொண்டு ஸலாஹ் அழுதபடி வெளியே போனார். 3-1 என்று தோற்றோம். கோல் காவலர் கரியஸ் விட்ட இரண்டு கோல்களைப் பற்றி இங்கே பேச மாட்டோம், அந்த மனிதன் பட்டது போதும். சஹருக்கு யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அது வெறும் உதைபந்தாட்டக் கவலை. காலையில் மன்செஸ்டர்காரர்களின் நக்கலோடு தீர்ந்துவிட்டது.

அடுத்த வருடம் 2019. ஜூன் 1, மட்ரிட், டொட்டன்ஹாமோடு இறுதிப் போட்டி. அதுவும் நோன்பு, அதுவும் நள்ளிரவு தாண்டி. ஏப்ரல் 21 நடந்து ஆறு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் குருணாகல் பக்கத்து ஊர்களிலும் நடந்தவை எல்லோருக்கும் நினைவிருக்கும். வீடு வீடாகத் தேடுதல் நடந்த காலம். வீட்டில் இருந்த அரபுப் புத்தகங்களை என்ன செய்வது என்று தெரியாமல் சனம் தவித்த காலம். ஆறு பேர் ஓர் அறையில் டீவிச் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தோம். இரண்டாவது நிமிடத்தில் பெனால்டி, ஸலாஹ் அடித்தார். யாரும் கத்தவில்லை. ஆறு பேரும் எழும்பி நின்று வாயைப் பொத்திக்கொண்டோம். ஐரோப்பாவில் முஹம்மத் என்ற பெயரை அறுபதாயிரம் பேர் சத்தமாகப் பாடுகிறார்கள், இங்கே அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்கள் கோல் போட்ட சந்தோசத்தைக்கூட மெதுவாகத்தான் படவேண்டியிருந்தது. மட்ரிட்டில் வென்ற கிண்ணம் எங்களுக்குக் காலையில் ஒரு உதவியும் செய்யவில்லை. திங்கட்கிழமை, ஜூன் 3, முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் பதவி விலகினார்கள்.

அன்றைக்குத்தான் கபீர் கானின் கதையில் இருந்த ஓட்டை எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது என்று நினைக்கிறோம். வென்று காட்டு, வீட்டுக்கு வரலாம் என்பது ஒரு பெரிய ஆளுக்குச் சொல்லும் கதை. ஊரில் எத்தனை பேர் பெரிய ஆட்கள்?

மெஸுத் ஒஸிலைப் பாருங்கள். கெல்சன்கிர்ஹனில் பிறந்தவர், 2014 இல் ஜேர்மனிக்கு உலகக் கிண்ணம் எடுத்துக் கொடுத்தவர்களில் ஒருவர். கிண்ணம் கையில் இருந்தும், 2018 இல் ஜேர்மனி முதற் சுற்றோடு வெளியேறியபோது பழி அவர் தலையில் விழுந்தது. துருக்கி ஜனாதிபதியோடு எடுத்த படமும் சேர்ந்துகொண்டது. வென்றால் ஜேர்மன்காரன், தோற்றால் குடியேறி என்ற கருத்தில் ஒரு நீண்ட அறிக்கை விட்டுவிட்டுத் தேசிய அணியிலிருந்து விலகினார். பெல்ஜியத்தின் லுக்காக்குவும் அதே கோடையில் கிட்டத்தட்ட இதையே எழுதினார், அவர் முஸ்லிமும் இல்லை. கழகம் நாட்டைவிட நல்லது என்று எங்கள் நண்பர் ஒருவர் வாதாடுவார்: கழகத்துக்கு ஒப்பந்தம் மட்டும்தான், விசுவாசப் பரீட்சை கிடையாது. பெரும்பாலும் சரி. ஆனால் 2019 டிசம்பரில் அதே ஒஸில் சீனாவின் உய்குர் முஸ்லிம்களைப் பற்றி எழுதியபோது, அது அவருடைய சொந்தக் கருத்து, நாங்கள் அரசியலில் தலையிடுவதில்லை என்று ஆர்சனல் உடனே விலகிக்கொண்டது. சீனத் தொலைக்காட்சி அவர்களுடைய போட்டி ஒன்றின் ஒளிபரப்பையே எடுத்துவிட்டது. ஒப்பந்தத்தில் கோல் மட்டும்தான் இருந்தது போல.

அதே ஆர்சனலில் இன்னொரு முஹம்மத் இருந்தார். முஹம்மத் எல்னெனி. ஸலாஹ் விளையாடிய அதே கெய்ரோ கழகத்திலிருந்து வந்தவர், ஸலாஹ்வோடு சேர்ந்தே சுவிட்ஸர்லாந்தின் பாசலில் விளையாடியவர். 2016 ஜனவரியில் ஆர்சனலுக்கு வந்து 2024 வரை இருந்தார், நடுவில் ஒரு பருவம் துருக்கிக்கு இரவல். பல வாரங்களில் அவர் வாங்கில்தான் இருப்பார். கூப்பிட்டால் வருவார், நடுக்களத்தில் பந்தை வாங்கிப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுப்பார், போட்டி முடிந்ததும் போவார். அவரால் இலண்டனில் எத்தனை வீதம் எது குறைந்தது என்று யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை. எங்களுக்கு ஸலாஹ் பிடிக்கும், உயிர். ஆனால் ஒரு நாடோ ஓர் ஊரோ எப்படிப்பட்டது என்று அறிய எல்னெனிகள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும் என்பது எங்கள் கட்சி.

இனி சலீம் மிர்ஸா.

'கரம் ஹவா', எம்.எஸ். சத்யு இயக்கியது, 1973 இல் எடுத்த படம். கதை இஸ்மத் சுக்தாய், எழுதியவர்கள் கைஃபி ஆஸ்மியும் ஷமா ஸைதியும். இந்தியப் பிரிவினைக்குப் பிறகு ஆக்ராவில் சப்பாத்துத் தொழிற்சாலை வைத்திருக்கும் சலீம் மிர்ஸா. அண்ணன் பாகிஸ்தானுக்குப் போய்விடுகிறார். வீடு அவர் பெயரில் இருந்ததால் வீடும் போகிறது. இவனும் நாளைக்குப் போய்விடுவான் என்று வங்கி கடன் தர மறுக்கிறது. வாடகைக்கு வீடு தேடினால் பெயரைக் கேட்டதும் கதவு மூடுகிறது. கராச்சியில் இருக்கும் அண்ணனுக்கு வீட்டின் வரைபடத்தை அனுப்பியதற்காக உளவாளி என்று வழக்குப் போடுகிறார்கள். விடுதலையாகி வருகிறார், ஆனாலும் முகங்கள் பழையபடி ஆகவில்லை. மகள் ஆமினாவின் கலியாணம் இரண்டு தரம் முறிகிறது, அந்தப் பிள்ளை உயிரை விட்டுவிடுகிறாள். கிழவி உம்மா வீட்டை விட்டு வரமாட்டேன் என்று விறகு அறைக்குள் ஒளிந்துகொள்கிறார், கடைசியில் உயிர் போக அந்தப் பழைய வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எழும்பிப் போய் முகம் கழுவினோம்.

இந்த மனிதர் ஒன்றும் வெல்வதில்லை. கிண்ணம் இல்லை, ஜனாதிபதியைச் சந்திப்பதில்லை, வில்லனை அடிப்பதில்லை. கோபத்தில் யாரையும் திட்டுவதும் இல்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த நாள் தொழிற்சாலைக்குப் போகிறார். கடைசியில் அவரும் மனம் உடைந்து மனைவி மகனோடு குதிரை வண்டியில் ஏறிப் புகையிரத நிலையத்துக்குப் புறப்படுகிறார். வழியில் வேலை கேட்டு ஓர் ஊர்வலம் வருகிறது, மகன் சிக்கந்தர் இறங்கி அதற்குள் போகிறான். மனைவியை வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டு சலீம் மிர்ஸாவும் இறங்குகிறார். நடித்தவர் பல்ராஜ் சாஹ்னி. பின்னணிக் குரல் வேலையை முடித்த மறுநாள் மௌத்தாகிவிட்டார், படம் வெளிவந்ததைப் பார்க்கவில்லை. முகத்தில் ஒரு தசை அசையாமல் இவ்வளவு துக்கத்தைக் காட்டும் நடிகரை வேறு எங்கும் நாங்கள் பார்த்ததில்லை. ஷாருக் ரசிகர்கள் மன்னிக்கவேண்டும்.

வாக்கு ஏன் அவருக்கு என்றால், போன தவணையில் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 'நான் விரும்பும் விளையாட்டு வீரர்' என்று கட்டுரை கொடுத்திருந்தோம். ஒரு பையன் ஸலாஹ்வைப் பற்றி எழுதியிருந்தான். கோல் கணக்கெல்லாம் சரியாக, எங்களைவிடச் சரியாக எழுதியிருந்தான். அவனுடைய வாப்பா மோட்டார் சைக்கிளில் பிடவை மூட்டை கட்டிக்கொண்டு தூரத்து ஊர்களுக்குப் போய் விற்பவர். கட்டுரையின் கடைசி வரி இது: நானும் ஸலாஹ் மாதிரி பெரிய ஆளாக வந்தால் எங்கட வாப்பாவின் மூட்டையை ரோட்டில் வைத்து யாரும் அவிழ்த்துக் கொட்ட மாட்டார்கள்.

'மாட்டார்கள்' என்பதில் ளகரத்தை லகரமாக எழுதியிருந்தான். அதை மட்டும் திருத்திவிட்டு சிவப்புப் பேனையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தோம். 2019 இல் அவனுக்கு ஒன்பது வயது இருந்திருக்கும். அந்த வயதில் பார்த்ததை வைத்து அவன் ஒரு கணக்குப் போட்டிருக்கிறான், வந்தால் மாட்டார்கள் என்று. அதே நிபந்தனை எச்சம். அவன் வாப்பா பிடவை விற்பவராகவே இருந்து, மகன் ஸலாஹ் ஆகாமலே போனாலும் மூட்டை கட்டியபடியே இருக்கவேண்டும் என்பதை அவனுக்கு எந்த ஷாருக் கான் படத்தை வைத்து விளக்குவது?

இருபதுக்குப் பதினேழு போட்டோம். இடைவேளையில் அவனைக் கூப்பிட்டு எல்னெனி என்று ஓர் ஆள் இருக்கிறார், தெரியுமா என்று கேட்டோம்.

"தெரியும் சேர். அவர் வாங்கில இருக்கிறவர்தானே."

"ஓம், வாங்கிலதான். எட்டு வருசம்."

சிரித்தான். பார்சலோனாவுக்கு அவர்களுடைய மைதானத்திலேயே அவர் ஒரு கோல் போட்டிருக்கிறார் என்றோம், நம்பவில்லை. போனில் எடுத்துக் காட்டினோம். 2016 மார்ச், கேம்ப் நூ, பெட்டிக்கு ஓரத்திலிருந்து ஓர் அடி, மேல் மூலை. திரும்பவும் போடச் சொல்லிப் பார்த்தான்.

"மெட்ச் என்ன ஆன சேர்?"

"மூன்றுக்கு ஒன்று. தோத்துப் போனாங்க."

"பிறகு?"

"பிறகு என்ன, சனிக்கிழமை எவர்டனோட அடுத்த மெட்ச்."